ஞாயிறு நடையைத் திரும்பக் கொடுங்கள்: நம் ஊர் மியூசியத்தின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், அறங்காவலர்களுக்கும், நிகழ்ச்சிக் குழுவினருக்கும்,

அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும் இந்தப் பருவத்துக்கான உங்கள் நிகழ்ச்சி அட்டை கைக்கு வந்தது. உரைகள் இருக்கின்றன, நடைச் சுற்றுகள் இருக்கின்றன, டிசம்பரில் நிதி திரட்டும் விருந்தும் இருக்கிறது. பெங்களூரின் பழைய இடங்களைச் சுற்றிக் காட்டி, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் தமிழில் நடந்துவந்த இலவச நடை அதில் இல்லை. மூன்றாம் ஞாயிறு நடந்துவந்த கன்னட நடையும் இல்லை. உரைகள் எல்லாமே ஆங்கிலம், எல்லாமே வேலை நாளில் மாலை ஆறரை மணிக்கு, கட்டணம் ஆளுக்கு 600 ரூபாய். நடைக்கு 1,500. விருந்தில் ஒரு இருக்கைக்கு 7,500.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அலுவலகத்தில் நேரில் கேட்டேன், கடிதமும் கொடுத்தேன். நேரில் கிடைத்த பதில், "உள்ளூர் மொழி நடைகளால் வருமானம் இல்லை, கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும்" என்பது. கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தத் தமிழ் நடையை நடத்திய தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அல்சூரில் பிறந்து, இங்கேயே ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, இங்கேயே இருப்பவள். நடைக்காக மியூசியத்திடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை, கேட்கவும் தோன்றியதில்லை. நடை நின்றுவிட்டது என்று எங்கள் யாருக்கும் நீங்கள் சொல்லவில்லை, அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சரி, அது எங்கள் தனிப்பட்ட வருத்தம், இத்தோடு விடுகிறேன். நடைக்கு வந்தவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஜோகுபாளையத்தில் பூக்கட்டி விற்கும் அம்மாக்கள் வருவார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் தவறாமல் வருவார். ஞாயிறு அரை நாள் விடுப்பு கிடைக்கும் வீட்டுவேலைப் பெண்கள், மகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஆட்டோ ஓட்டுநர், மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஐடி வேலைக்கு வந்து இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் இளைஞர்கள், அப்புறம் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் திகளர் குடும்பங்கள். இவர்களில் பலர் மியூசியத்தின் வாசல்படி ஏறியதே அந்த நடையால்தான். "உள்ளே போகலாமா, எங்களை விடுவாங்களா டீச்சர்?" என்று வாசலில் தயங்கி நின்றவர்களை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்தத் தயக்கத்தைப் போக்கப் பல வருடங்கள் ஆயின. இப்போது வாசலில் 600 ரூபாய் என்று எழுதி வைத்தால், அந்தத் தயக்கம் சரிதான் என்று நாமே அவர்களுக்குச் சொன்னதாக ஆகிறது.

நடையில் நாங்கள் சொன்னது ஒன்றும் கட்டுக்கதை இல்லை. 1905இல் ரைஸ் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் 9ஆம் தொகுதியை வைத்துக்கொண்டு, உங்கள் நூலகத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துத்தான் சொன்னோம். பேகூரில் சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த நடுகல் 'பெங்களூர்' என்ற பெயரைச் சொல்கிறது, அதாவது கெம்பேகௌடர் 1537இல் கோட்டை கட்டுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் முன்னால். மடிவாளம் சோமேஸ்வரர் கோவில் சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தொம்லூர் சொக்கநாதர் கோவிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவை எல்லாம் வாரம் முழுக்க நாம் பேருந்தில் கடந்துபோகும் இடங்கள்.

தொம்லூரில் ஒரு காலையைச் சொல்லியே ஆக வேண்டும். கோவிலின் கல்வெட்டுகளில் ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. நிலைக்கால் என்றால் கதவு மாட்டும் சட்டத்தின் இரண்டு தூண்கள், அவ்வளவுதான். கோபுரம் இல்லை, ஊர் இல்லை, ஏரி இல்லை. எழுத்தைத் தொடாமல், மேலே மாவோ சுண்ணாம்போ பூசாமல், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். கூட வந்த பூக்கார அம்மா, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், குனிந்து ஒரு எழுத்தைக் காட்டி "இது ப, இது ம" என்றார். அந்தக் காலத்து எழுத்து இன்றைய எழுத்து மாதிரியே இருக்காது, ஆனாலும் சில எழுத்துகள் பிடிபடும். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்வெட்டில் இருப்பதைச் சுருக்கமாகச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார், "ரெண்டு கதவுக்காலு குடுத்தவர் பேரைக்கூடவா கல்லுல வெட்டி வெச்சாங்க?" ஆமாம் என்றேன். அவ்வளவு வருடங்களுக்கு முன்னால் ஒருவர் கொடுத்த சிறிய கொடைக்கு இந்த ஊர் அந்த மரியாதையைச் செய்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த மடலின் மீதியைப் படிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அல்சூர் நடையில் வேறு கதை. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயர் படை இங்கே மாறி வந்து தண்டு என்ற கண்டோன்மென்ட் உருவானபோது, படையோடு வந்தவர்கள், படைக்குப் பால் ஊற்றியவர்கள், கல் உடைத்தவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள் என்று வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த குடும்பங்களின் கதை அது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்த பிறகு வந்தவர்கள், 1884இல் தொடங்கி பின்னி மில் என்று ஊர் அழைத்த துணி ஆலைக்கு வந்தவர்கள், 1898 பிளேக்கில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. நடையில் நாங்கள் பத்து நிமிடம் பேசினால், வந்தவர்கள் இருபது நிமிடம் பேசுவார்கள். எங்கள் தெருவில் பிளேக் அம்மனுக்கு எப்படிக் கூழ் ஊற்றினார்கள், எந்த வீட்டில் ராணுவ உடை தைத்தார்கள், எந்தக் கிணற்றை மூடினார்கள் என்று அவர்கள் சொன்னவற்றை ஒரு நோட்டில் எழுதி, பருவம் முடிந்ததும் உங்கள் ஆவணப் பிரிவில் ஒப்படைத்தோம். உங்கள் போன வருடக் கண்காட்சியின் பாதிப் பலகைகள் அந்த நோட்டிலிருந்து வந்தவைதான். வருமானம் இல்லாத நடை என்று சொல்லும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

அடுத்தது தங்கவயல். இரண்டு பருவங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பிற்பகலில் கோலார் தங்கவயலைப் பற்றித் தமிழில் ஒரு உரை வைத்தீர்கள். உங்களைப் பாராட்ட வேண்டிய நிகழ்ச்சி அது, இன்றும் பாராட்டுகிறேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் பேசினார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் இறங்கும்போது காது அடைப்பதையும், கீழே போகப் போகப் பாறையே சுடுவதையும், எத்தனை மணி அடித்தால் என்ன அர்த்தம் என்பதையும் அவர் மேசையைத் தட்டிக் காட்டினார். சுரங்கத்துக்குள் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் வந்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரம் தட்டிலிருந்து விழும், அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள் என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "நான் ஓடியிருக்கேன்யா" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் கூட்டமாக இல்லை. 1902இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்கு, பெங்களூர்த் தெருவிளக்குக்கு அது வந்தது 1905இல்தான் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த மின்சாரத்தில் ஓடிய கேஜில் தினமும் இறங்கியவர்களின் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்தக் குடும்பங்கள் பிழைப்பு தேடி வந்த ஊர் இந்தப் பெங்களூர்தான். இன்னமும் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி இங்கே வேலைக்கு வந்து, இரவு ரயிலில் திரும்புகிறார்கள்.

இந்தப் பருவத்திலும் தங்கவயலைப் பற்றி ஒரு உரை வைத்திருக்கிறீர்கள். பேசப்போகிறவர் நன்றாக ஆராய்ச்சி செய்தவர், அவர் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உரை ஆங்கிலத்தில், வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு, 600 ரூபாய்க்கு. அந்த நேரத்தில் தங்கவயல் ஆட்கள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அன்று பேசிய பெரியவருக்கு இந்த முறை அழைப்பு இல்லை, போன முறை அவர் வந்துபோன ரயில் செலவைக்கூட மியூசியம் தரவில்லை, எங்கள் தன்னார்வலர் குழுதான் சேர்ந்து கொடுத்தது. அவர் நுரையீரலில் இருக்கும் தூசியைப் பற்றிப் பேசும் உரைக்கு அவரே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும் என்பது எந்த விதத்தில் நியாயம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி விருந்துக்கு வருகிறேன். இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

என் அம்மாவின் அப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். ஷிப்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போன அவருடைய பித்தளைத் தூக்கையும், மில் வாசலில் காட்டும் பித்தளை வில்லையையும் அம்மா உங்கள் மியூசியத்துக்குக் கொடுத்தார். விலைக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள், கொடுக்கவில்லை. உங்கள் ஊழியர் வீட்டுக்கே வந்து, இது கண்ணாடிப் பெட்டிக்குள் தாத்தாவின் பெயரோடு இருக்கும், பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தார். பதிவேட்டில் எண் போட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்த ரசீது இன்னமும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

போன டிசம்பர் விருந்துக்கு வருகிறவர்களின் பெயரைச் சரிபார்க்கும் மேசையில் உட்காரச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள், வந்தேன். ஓட்டல் கூடத்தில் வட்ட வட்டமாகச் சாப்பாட்டு மேசைகள், ஒவ்வொரு மேசையின் நடுவிலும் மியூசியத்திலிருந்து எடுத்துவந்த ஒரு பழைய பொருள். மூன்றாவது மேசையில் தாத்தாவின் தூக்கு இருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றி ரோஜாவும் ஜெர்பராவும் செருகியிருந்தார்கள், கைப்பிடியில் ரிப்பன் சுற்றியிருந்தது. மூடி இல்லை. அலங்காரம் செய்த பையனிடம் கேட்டேன், பூ நிற்க வேண்டும் என்று மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம் என்றான், எங்கே வைத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த மூடியின் மேல்தான் தாத்தாவின் பெயரும் அவருடைய மில் நம்பரும் இருந்தன. பாத்திரக் கடையில் சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து அது. நம்பரில் ஒரு 7 கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

தூக்கு இப்போது பெட்டிக்குத் திரும்பி வந்திருக்கிறது, மூடி வரவில்லை. உள்பக்கம் தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பச்சைக் களிம்பு வளையம் ஏறியிருக்கிறது. பக்கத்தில் இருந்த பழைய அட்டையையும் மாற்றிவிட்டீர்கள். 'மில் தொழிலாளியின் பித்தளைப் பாத்திரம்' என்று ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, யார் கொடுத்தது என்ற வரி இல்லை. மூடியைப் பற்றி எழுத்தில் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

ஒரு மியூசியத்தில் பதிவேட்டு எண் போட்ட பொருளை விருந்து மேசைக்கு அனுப்பக் கூடாது என்பது நான் கண்டுபிடித்த விதி இல்லை. பொருள் வெளியே போனால் யார் எடுத்தார்கள், எந்த நிலையில் எடுத்தார்கள், எந்த நிலையில் திரும்பியது என்று படத்தோடு எழுதிவைப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. தன்னார்வலர் பயிற்சியில் எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். கையுறை போடாமல் பித்தளையைத் தொட்டால் வியர்வை உப்பு பட்டுக் கறுக்கும் என்று சொன்னீர்கள். அதே பித்தளையில் தண்ணீர் ஊற்ற எப்படி மனம் வந்தது?

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு வேணும்னா எங்ககிட்ட கேட்டிருக்கலாமே" என்றார்.

நானும் அதையேதான் கேட்கிறேன். எங்களிடம் ஏன் கேட்கவில்லை? பணம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. பொருள் அறையில் ஈரம் ஏறுகிறது, பழைய வரைபடங்களில் பூஞ்சை படிகிறது, மழை பெய்தால் மாடிப்படிக்குக் கீழே வாளி வைக்க வேண்டியிருக்கிறது, எல்லாம் என் கண்ணால் பார்த்தவை. ஆனால் பணம் இருக்கிறவர்களிடம்தான் பணம் கேட்க முடியும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். இந்த ஊரில் பணம் எப்படித் திரள்கிறது என்று ஆடி மாதத்தில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ரசீதுப் புத்தகத்தோடு நான்கு பேர் வருவார்கள். வாடகை வீட்டுக்காரர் 100 கொடுப்பார், கடைக்காரர் 500 கொடுப்பார், காசு இல்லாதவர் ஒரு படி கேழ்வரகு கொடுப்பார். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பமும் கொடுக்கும், எதிர்வீட்டு பாய் தண்ணீர்ப் பந்தல் செலவை ஏற்றுக்கொள்வார். திருவிழா முடிந்த வாரமே வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று கோவில் பலகையில் எழுதிப்போட்டுவிடுவார்கள். எழுதவில்லை என்றால் அடுத்த வருடம் ஒருவரும் ஒரு ரூபாய் தர மாட்டார்கள்.

இது கோவிலுக்கு மட்டும்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஹெப்பாளத்தில் 2018இல் சாக்கடை வேலை நடந்த இடத்தில், சுமார் 750ஆம் ஆண்டைச் சேர்ந்த கிட்டய்யா நடுகல் வெளிப்பட்டதே, அதைக் காப்பாற்றி மண்டபம் கட்டி நிறுத்தியது ஊர்க்காரர்களும் கல்வெட்டு ஆர்வலர்களும் சேர்ந்துதான். பெங்களூரின் வரலாற்று ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டி 2021இல் தொடங்கி நகரத்தின் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது. கல்வெட்டைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று காட்டுவது அந்தந்த ஊர் ஆட்கள்தான். ஏன் காட்டுகிறார்கள்? யாரோ ஒருவர் அவர்களுக்குப் புரிகிற மொழியில் இது என்ன கல் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான். துணி துவைக்கிற கல்லாகக் கிடந்த நடுகல்லை நிமிர்த்தி வைக்க ஆள் வேண்டும் என்றால் நடை வேண்டும்.

உங்கள் விருந்துக்கு வருகிறேன் மறுபடியும். போன டிசம்பரில் எவ்வளவு வந்தது, ஓட்டல் கூடத்துக்கும் மேடைக்கும் சாப்பாட்டுக்கும் பரிசுப் பைகளுக்கும் எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு, அதில் கூரைக்கு எவ்வளவு? இதுவரை வெளியிடவில்லை. இந்த மழைக்காலத்திலும் மேற்குப் பக்கக் கூரையில் அதே நீலத் தார்ப்பாய்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கூரைக்காகத்தான் நடையை நிறுத்தினோம் என்று நீங்கள் சொன்னால் எப்படி நம்புவது?

கட்டண நிகழ்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை, 1,500 கொடுத்து நடை வர முடிந்தவர்கள் தாராளமாக வரட்டும். விருந்தும் நடக்கட்டும். அந்தக் காசில் ஒரு பகுதி ஞாயிறு நடையை நடத்தட்டும் என்கிறேன். நடைக்குச் செலவு என்னதான் ஆகிறது? ஒலிபெருக்கி உங்களிடம் இருக்கிறது, ஆள் நாங்கள், டீ கூட அல்சூர் பஜார் தெரு டீக்கடையில் அவரவர் காசில். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில், பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய தொகையைப் பாரம்பரியப் பாதுகாப்புக்கும் தரலாம் என்று தெளிவாக இருக்கிறது. இத்தனை நிறுவனங்கள் இருக்கும் ஊரில் கூரைக்கு என்று ஒரு திட்ட மதிப்பீடு போட்டு எத்தனை பேரிடம் போனீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மும்பை பைகுல்லாவில் 1872இலிருந்து இருக்கும் பாவ் தாஜி லாட் மியூசியம், வார இறுதிகளில் ஆங்கிலத்தில் ஒரு சுற்று, மராத்தியிலோ இந்தியிலோ ஒரு சுற்று என்று இலவசமாகவே நடத்தியிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

உங்கள் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், உலக மியூசியங்களின் அமைப்பான ஐகாம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட வரையறையை அச்சிட்டிருக்கிறீர்கள். மியூசியம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், சமூகங்களின் பங்கேற்போடு இயங்க வேண்டும் என்கிறது அது. இந்தப் பருவ அட்டையை அந்தப் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள்.

இதைத் தமிழர் விவகாரமாக யாராவது திருப்பக் கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கன்னட நடை திரும்பாமல் தமிழ் நடை மட்டும் வருவதை நாங்கள் கேட்கவில்லை, வந்தாலும் ஏற்க மாட்டோம். 1947 ஜூலை 26இல் தண்டுப் பகுதி மைசூர் நிர்வாகத்தின் கீழ் திரும்ப வந்தது, அதற்கு முன் பழைய ஊரான பேட்டையும் தண்டும் இரண்டு ஊராக இருந்தன. இரண்டு பக்கத்துக் கதையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருப்பதுதான் உங்கள் மியூசியத்தின் பெருமை. கன்னட நடையை நடத்திய தன்னார்வலர்களும் நாங்களும் சேர்ந்து பேசித்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறோம். சிவாஜிநகர்ப் பக்கத்து தக்னி உருது பேசும் குடும்பங்களுக்காகவும் ஒரு நடை வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது, அதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். அந்த வாரத்து ஞாயிறிலேயே கன்னட நடையையும் தமிழ் நடையையும் கட்டணம் இல்லாமல் திரும்பத் தொடங்குங்கள், மார்ச் வரை மாதா மாதம் நடத்துங்கள், அதை அட்டையிலும் வாசல் பலகையிலும் இரண்டு மொழியிலும் போடுங்கள். உரைகளில் மாதத்துக்கு ஒன்றாவது ஞாயிறு பிற்பகலில், கன்னடத்திலோ தமிழிலோ, நுழைவு இலவசமாக இருக்க வேண்டும். வாசலில் ஒரு உண்டியல் வையுங்கள், முடிந்தவர்கள் போடுவார்கள்.

தங்கவயல் உரையை ஞாயிறுக்கு மாற்றுங்கள். ஆய்வாளரோடு அந்தப் பெரியவரையும் மேடையில் உட்கார வையுங்கள், ஆய்வாளருக்குத் தரும் அதே தொகையையும் பயணச் செலவையும் அவருக்கும் கொடுங்கள்.

பதிவேட்டில் உள்ள எந்தப் பொருளும் விருந்துக்கோ அலங்காரத்துக்கோ வெளியே போகாது என்று அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு வெளியிடுங்கள். போன டிசம்பரில் வெளியே போன பொருட்கள் எல்லாவற்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எது எந்த நிலையில் திரும்பியது என்று கொடுத்தவர்களின் குடும்பங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். தூக்கின் மூடியைத் தேடுங்கள், ஓட்டலில் கேளுங்கள், அலங்காரக்காரரிடம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். களிம்பை நீக்கும் வேலையைப் பழம்பொருள்களைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள், கடையில் விற்கும் பாலிஷ் போட வேண்டாம். கொடுத்தவர் பெயர் நீக்கப்பட்ட எல்லா அட்டைகளிலும் பெயரைத் திரும்பப் போடுங்கள்.

போன விருந்தின் வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டுங்கள். கூரைக்கு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அதைச் செய்தால், கூரைக்காக ரசீதுப் புத்தகம் எடுத்துக்கொண்டு அல்சூர், ஜோகுபாளையம், மர்பி டவுன், காக்ஸ் டவுன் தெருக்களில் வீடு வீடாகப் போக நாங்கள் தயார், எழுதியே கொடுக்கிறோம்.

நிகழ்ச்சிக் குழுவில் தன்னார்வலர்களுக்கு ஒரு இடமும், பொருள் கொடுத்த குடும்பங்களுக்கு ஒரு இடமும் வேண்டும். அடுத்த பருவ அட்டை அச்சுக்குப் போகும் முன் அவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வருட விருந்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மியூசிய முற்றத்தில் எல்லோரும் வரக்கூடிய ஒரு கூட்டத்தைக் கூட்டுங்கள். நவம்பர் 10க்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதில் வராவிட்டால், நடை வழக்கமாகக் கூடும் நேரமான காலை ஏழு மணிக்கு, டிசம்பர் முதல் ஞாயிறன்று, நாங்கள் எல்லோரும் மியூசிய வாசலுக்கு வந்து இதே கேள்விகளை நேரில் கேட்போம்.

இப்படிக்கு,
ஞாயிறு நடையின் தன்னார்வலர், பின்னி மில் தொழிலாளியின் பேத்தி
அல்சூர், பெங்களூர்